பதினெட்டாயிரம் வெள்ளி வேனும் ஒரு கணக்குப் புத்தகமும்

எங்கள் வீட்டு வேனின் விலை 18,000 வெள்ளி. வாங்கிய முதல் மூன்று ஆண்டுகளில் அதைப் பராமரிக்கவும் பழுதுபார்க்கவும் நாங்கள் செலவிட்ட தொகை 20,340 வெள்ளி. டீசலும் டோலும் இதில் சேரவில்லை.

பழைய வண்டி என்றால் மலிவு என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் கொஞ்சம் கசக்கும். எங்கள் அப்பாவுக்கும் கசந்தது. ஆனால் இரண்டையும் ஒரே தாளில் எழுதி வைத்த பிறகுதான், வேனைப் பற்றி வீட்டில் யாரும் குரலை உயர்த்தாமல் பேச முடிந்தது.

அது 1998-இல் பதிவான ஜப்பானிய டீசல் வேன். முன்பு வைத்திருந்தவர் பின் இருக்கைகளை எடுத்துவிட்டு ஒரு கட்டில், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, 60 லிட்டர் தண்ணீர்த் தாங்கி, விளக்குக்கும் மின்விசிறிக்கும் தனியாக ஒரு பேட்டரி என்று பொருத்தியிருந்தார். இப்படி மாற்றுவதற்கு சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும், பரிசோதனையும் உண்டு. அவர் அதையெல்லாம் முறையாக முடித்து வைத்திருந்ததால்தான் நாங்கள் பணத்தை நீட்டினோம். மற்றவர்கள் மோட்டார்ஹோம் என்பார்கள், கேம்பர்வேன் என்பார்கள். எங்கள் தாமான் பிள்ளைகளுக்கு அது 'கட்டில் வேன்'.

வாங்கியதற்குக் காரணம் பாட்டி. அவருக்கு முதுகுத்தண்டில் கோளாறு. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. கொஞ்ச நேரம் படுத்தே ஆக வேண்டும். அவருடைய தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, சுங்கை பட்டாணியில் இருக்கிறார். கோவிட் காலத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போக முடியாமல் இரண்டு பேரும் கைப்பேசியில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். 2021 அக்டோபர் 11-ஆம் தேதி தடை நீங்கியது. ஆனால் கிள்ளானிலிருந்து சுங்கை பட்டாணிக்கு நிற்காமல் போனாலே நான்கு மணி நேரம் ஆகும். காரில் அவரை எப்படிக் கூட்டிப் போவது? அடுத்த ஜனவரியில் அப்பா இந்த வேனைக் கண்டுபிடித்தார். இப்போது தாப்பாவிலும் சுங்கை பேராக்கிலும் குனோங் செமங்கோலிலும் ஓய்வுத்தளங்களில் நிறுத்துவோம். பாட்டி கட்டிலில் அரை மணி நேரம் காலை நீட்டிப் படுப்பார். பிறகு எழுந்து இருக்கையில் உட்கார்ந்து வார் போட்டுக்கொண்டு, "ம்... எடு" என்பார்.

நாங்கள் வாங்கிய நேரம் கொஞ்சம் ஆபத்தானது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் மூழ்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரக்கூடிய காலம். எங்கள் ஃபோர்மேன் அண்ணன் எங்களோடு வந்து ஒரு வேலை செய்தார். இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியில் வாரின் உள்சுருளில் சேற்றுக்கோடு இருக்கும்; மேலே எவ்வளவு கழுவினாலும் அது அவ்வளவு சுலபத்தில் போகாது. இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டத்தையும் கம்பளத்துக்குக் கீழேயும் தடவிப் பார்த்தார். "இது தண்ணியில நிக்கல. ஆனா வயசாயிருச்சு தங்கச்சி. மருந்து செலவு இருக்கும்" என்றார்.

அந்த மருந்துச் செலவைத்தான் அப்பா மறைத்தார்.

அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டி கெட்டால் பட்டறைக்குப் போவது, கையில் இருப்பதைக் கொடுப்பது, மீதியை அடுத்த மாதம் தருவதாகச் சொல்வது, இதுதான் அவருக்குப் பழக்கம். ரசீதுகள் இருக்கைக்கு அடியிலும் பழைய நாட்காட்டிக்குப் பின்னாலும் கிடந்தன. பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தம்பிக்கு, அப்பாவின் சேமிப்பு கரைவது மட்டும் தெரிந்தது. "அந்த வேன் சாப்பிடுதுக்கா" என்பான். அப்பாவோ, "சின்னச் சின்ன வேலைதான்மா, பெருசா ஒண்ணுமில்ல" என்பார். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். 2024 டிசம்பர் விடுமுறையில் எல்லா ரசீதுகளையும் மேசையில் பரப்பினேன். பட்டறைக்குப் போன் செய்து விடுபட்டவற்றையும் கேட்டு வாங்கினேன்.

2022-இல் 4,850 வெள்ளி. 2023-இல் 6,120. 2024-இல் 9,370.

கடைசி ஆண்டை மட்டும் பிரித்துச் சொல்கிறேன். சாலை வரியும் காப்புறுதியும் 1,900. இரண்டு முறை கறுப்பு எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்ற 560. டீசல் பம்ப், இன்ஜெக்டர் வேலை 1,450. ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்ப், ரப்பர்க் குழாய்கள் 820. பிரேக் 480. ஏர்கோன் 740. துருவை வெட்டித் தகடு ஒட்டியதும் கூரை ஒழுகலை அடைத்ததும் 1,150. நான்கு டயர் 1,320. வீட்டுப் பகுதியின் பேட்டரி, தண்ணீர் மோட்டார், குழாய் 950.

இதில் பாருங்கள், பெரிய விபத்து எதுவும் இல்லை. நடுரோட்டில் நின்றதும் இல்லை. எல்லாமே அப்பா சொன்ன அந்தச் சின்ன வேலைகள்தான். சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டன.

இந்த மாதிரி வண்டியில் நாம் உண்மையில் இரண்டு பொருள்களை வைத்திருக்கிறோம். ஒன்று வண்டி, இன்னொன்று வீடு. வண்டிக்குரிய பழுதும் வரும், வீட்டுக்குரிய பழுதும் வரும். சாதாரண வேனில் கூரை ஓரத்தில் ஒரு சொட்டு ஒழுகினால் துணியால் துடைத்துவிடலாம். இதில் அந்தச் சொட்டு பலகைக்குள் இறங்கி, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடித்து, கடைசியில் தகட்டையே தின்றுவிடும். நம் ஊர் மழைக்கு, கூரையின் இணைப்புகளை ஆண்டுக்கு ஒரு முறை ஏறிப் பார்ப்பது அவசியம். அடைக்கும் பசைக்கு ஐம்பது வெள்ளி ஆகும். தகடு மாற்றப் போனால் ஆயிரம்.

இன்னொன்றும் தெரிந்தது. பழைய வண்டி ஓடுவதால் மட்டும் செலவு வைப்பதில்லை; நிற்பதாலும் செலவு வைக்கிறது. நான் வேலைக்கு கிள்ளானிலிருந்து கேடிஎம் ரயிலில் போகிறேன். தம்பி வீட்டு வாகன நிறுத்துமிடத்தின் உயரத்துக்கு வேன் நுழையவே நுழையாது. அதனால் அது வார நாட்களில் எங்கள் வாசலிலேயே நிற்கும். 2024-இல் ஓடியது மொத்தம் 6,200 கிலோமீட்டர்தான். டயரில் பூ தேயவே இல்லை. ஆனால் பக்கச் சுவரில் வெடிப்பு. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். அதிகம் ஓடாத வண்டியில் பூவைவிட இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

நின்றால் பேட்டரி இறங்கும். பிரேக் டிரம்முக்குள் துரு ஏறும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டீசலும் அப்படித்தான். நம் நாட்டில் பத்து விழுக்காடு பாமாயில் எரிபொருள் கலந்த டீசல் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. பாமாயில் கலந்த டீசல் வெறும் டீசலைவிட ஈரத்தை எளிதில் இழுக்கும். அரைத் தாங்கியோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், அடியில் தண்ணீரும் அதில் பாசி போன்ற வழவழப்பும் சேர்ந்து வடிகட்டியை அடைக்கும். பிறகு பம்பைத் தொடும். எங்கள் 1,450 வெள்ளியின் கதை இதுதான் என்றார் ஃபோர்மேன் அண்ணன். இப்போது தாங்கியை நிரப்பியே நிறுத்துகிறோம். ஞாயிறு காலையில் அப்பா பசியாறிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு காப்பார் வரை போய்த் திரும்புகிறார். இன்ஜினை வாசலில் நிறுத்தி முடுக்குவது போதாது. சக்கரம் உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், இன்ஜின் நன்றாகச் சூடேற வேண்டும்.

டீசல் விலையைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த சண்டை தனிக் கதை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. "இனிமே வேன் தாங்காது" என்று தம்பி சொல்ல, அப்பாவும் அன்று பேசாமல் இருந்தார். நான் கணக்குப் போட்டேன். வேன் 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர் குடிக்கும். 6,200 கிலோமீட்டருக்கு 682 லிட்டர். லிட்டருக்கு 1.20 வெள்ளி கூடினால் முழு ஆண்டுக்கும் கூடுவது 820 வெள்ளி அளவுதான். அதே நேரத்தில், தனியார் டீசல் வாகனம் வைத்திருக்கும் தகுதியுள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவியை அரசாங்கம் அறிவித்தது. அப்பாவுக்கு அது கிடைத்தது. எல்லாரும் பயந்த டீசல் எங்களை அடிக்கவில்லை. அடித்தது செய்தியில் வராத ரப்பர்க் குழாயும் துருவும்.

உதிரிப் பாகத்துக்கு கிள்ளானில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். காப்பார் சாலைப் பக்கம் ஹாஃப் கட் கடைகள் நிறைய உண்டு. ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்ட கார்கள் கப்பலில் வந்து இறங்கி இங்கே பிரிக்கப்படுகின்றன. இன்னும் ஓடக்கூடிய வண்டியை அங்கே ஏன் வெட்டுகிறார்கள் என்று எனக்குப் பல நாள் ஐயம். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டில் முதல் கட்டாயப் பரிசோதனை. அதன் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. வண்டிக்கு வயதாக ஆக, பரிசோதனையில் தேறச் செய்யும் செலவு கூடுகிறது. பலர் அதற்குள் கைகழுவிவிடுகிறார்கள். அவர்கள் கைவிட்டதில்தான் நம் ஏர்கோன் ஓடுகிறது. ஆனால் இதிலும் ஃபோர்மேன் அண்ணனிடம் ஒரு வரம்பு உண்டு. ஏர்கோன் கம்ப்ரசர், கதவு, கண்ணாடி, விளக்கு பழையதாக வாங்கலாம். பிரேக், பெல்ட், ரப்பர்க் குழாய் ஆகியவற்றைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். "உயிர் சம்பந்தப்பட்டதுக்கு வெட்டுக்கடை வேணாம் தங்கச்சி."

நம் நாட்டில் தனியார் வாகனத்துக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. 2009-இல் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்தபோது, 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகள் பரிசோதனையில் தேறினால்தான் சாலை வரி என்று ஒரு திட்டம் வந்தது. பழைய வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எதிர்ப்பு எழுந்து, அந்த ஆண்டே அது கைவிடப்பட்டது. அப்பா அதை ஒரு வெற்றியாகச் சொல்வார். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றால் நாம்தான் பார்க்க வேண்டும். பாட்டியை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிற வண்டி அது. இப்போது ஆண்டுக்கு ஒரு முறை தைப்பூசத்துக்கு முன்பு, வேனை லிஃப்டில் தூக்கி அடிப்பகுதி முழுவதையும் பார்த்துவிடச் சொல்கிறோம்.

காப்புறுதியிலும் அப்படி ஒன்று உண்டு. இவ்வளவு வயதான வண்டிக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது கடினம். எங்களுடையது மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு மட்டும். வெள்ளத்தில் போனால் போனதுதான். முழுக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள்: வெள்ளம், நிலச்சரிவுக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்கியிருந்தால்தான் அது பொருந்தும். நவம்பர், டிசம்பரில் கனமழை எச்சரிக்கை வந்தால் அப்பா வேனை மேட்டில் உள்ள நண்பர் வீட்டில் விட்டுவிட்டு வருகிறார். அதற்குச் செலவு ஒரு டின் பிஸ்கட்.

2025 ஜனவரியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்தோம். தாளை விரித்தேன். மூன்று ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 6,780 வெள்ளி. மாதம் 565. வேனில் தங்கிய இரவுகள் மூன்று ஆண்டில் 93. ஓர் இரவுக்கு 219 வெள்ளி. நல்ல தங்கும் விடுதியில் குடும்ப அறையே எடுக்கலாம்.

தம்பியும் ஒரு கணக்கோடு வந்திருந்தான். ஆண்டுக்கு நான்கு பயணம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் பெரிய கார் வாடகை, நாளுக்கு 250 என்றால் 3,000. எட்டு இரவு, இரண்டு அறை, அறைக்கு 150 என்றால் 2,400. மொத்தம் 5,400. "வேனை வித்துட்டா வருசத்துக்கு ஆயிரத்து முந்நூத்தி எண்பது மிச்சம்" என்றான். கணக்கில் பிழை இல்லை.

அப்பா நீண்ட நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிதான் கேட்டார்: "பழசுன்னா செலவுதாண்டா. என் மருந்துக்கும் இப்படி ஒரு தாள் வச்சிருக்கீங்களா?"

யாரும் பதில் சொல்லவில்லை. தம்பிதான் முதலில் சிரித்தான். பிறகு, "வாடகைக் கார்ல பாட்டி எங்க படுப்பாங்க?" என்று அவனே கேட்டான்.

வேனை வைத்திருப்பது என்று முடிவானது, மலிவு என்பதற்காக அல்ல. ஆண்டுக்கு ஆயிரத்து முந்நூறு, நானூறு கூடுதலாகக் கொடுத்து, பாட்டி தங்கையைப் பார்க்கும் வாய்ப்பை வாங்குகிறோம். இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட பிறகு அப்பாவுக்கு எதையும் மறைக்கும் தேவை இல்லாமல் போனது. மாதம் 600 வெள்ளி, ஆளுக்கு 200 என்று தனிக் கணக்கில் போடுகிறோம். விற்கச் சொன்ன தம்பிதான் மாதம் தவறாமல் முதலில் போடுகிறான்.

மூன்று எல்லைகளும் எழுதி வைத்தோம். அடிச்சட்டத்தில் துரு ஏறினால் விற்பது. ஒரே பழுதுக்கு 6,000 வெள்ளிக்கு மேல் கேட்டால் விற்பது. ஆறு மாதம் யாரும் வேனில் பயணம் போகவில்லை என்றாலும் விற்பது. இவற்றை அமைதியான நாளில் எழுதுவது முக்கியம். பட்டறையில் இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகு முடிவெடுத்தால், 'இவ்வளவு போட்டாச்சு, இன்னும் கொஞ்சம்தானே' என்றுதான் மனம் சொல்லும்.

2025-இல் சேர்ந்தது 7,200. செலவானது 5,240. மீதி 1,960 கணக்கில் இருக்கிறது. அது லாபம் அல்ல. வரப்போகும் பழுதின் பணம். அந்த அக்டோபரில், 20 ஆண்டைத் தாண்டிய வாகனத்தை ஒப்படைத்து உள்நாட்டுப் புதுக் கார் வாங்குவோருக்கு 4,000 வெள்ளி உதவி என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிப்பு வந்தது. தம்பி அதைக் குடும்ப வாட்சாப்பில் போட்டான். அப்பா வார்த்தையில் பதில் சொல்லவில்லை. அந்த மாதச் செலவைத் தன் கையெழுத்தில் எழுதி, படம் எடுத்து அனுப்பினார்: பிரேக் எண்ணெய், 45 வெள்ளி.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். அப்பாவின் முதல் கார், தாத்தாவின் வேன், யாருக்கும் விற்க மனமில்லாத ஏதோ ஒன்று. வைத்திருப்பதா, விற்பதா என்று வாதாடுவதற்கு முன்பு மூன்று ஆண்டு ரசீதுகளைத் தேடி எடுங்கள். கூட்டி, முப்பத்தாறால் வகுங்கள். கிடைப்பதுதான் அந்த வண்டியின் உண்மையான மாதத் தவணை. அதை மனமுவந்து கட்ட முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், அது நன்றாக ஓடும் நாளிலேயே நல்லவர் கையில் கொடுத்துவிடுங்கள்.